பழைய டாடா ஜெனான் பிக்கப்புக்குப் பெரிய டயர் போட, முன்பக்கத்தைக் குறைந்த செலவில் உயர்த்த முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 2011 மாடல் ஜெனான், முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, 235/70 ஆர்16 டயருக்குப் பதிலாக 245/75 ஆர்16 போட ஆசை, மாங்காய்க் காலத்தில் லோடும் ஏற்றுவீர்கள், கையில் பணம் குறைவு.

உயர்த்தலாம். அதற்கென்று கிட் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் காலி வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கும் அளவுக்கு உயர்த்தாதீர்கள். பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்திருப்பது லோடு ஏறினால் இறங்குவதற்காகத்தான். காலியாக இருக்கும்போதே சமமாக்கிவிட்டால், மாங்காய்க் கூடைகள் ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். இரவில் ராயக்கோட்டை சாலையில் எதிரே வருபவரின் கண்ணில் உங்கள் ஹெட்லைட் நேராக அடிக்கும். நானும் இதே வண்டியை வைத்து இதே ஊர்களில் லோடு அடிப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனவே முதல் வேலை அளப்பது. சிமெண்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு தரையிலிருந்து முன்முனையில் எவ்வளவு, பின்முனையில் எவ்வளவு என்று காலியாக ஒருமுறையும், வழக்கமான லோடோடு ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையும் இடம், வலம் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். லோடோடு வண்டி ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். காலியில் பின்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.

ஜெனானின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான். நீளமான எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் உள்ள அட்ஜஸ்ட் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். செலவு மெக்கானிக் கூலி மட்டுமே. பழைய வண்டியில் தண்டு காலப்போக்கில் தளர்ந்திருக்கும். ஆகவே நீங்கள் உயர்த்துவதில் ஒரு பகுதி, இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதாகவே இருக்கும்.

செய்யும் முறையில் அவசரம் கூடாது. போல்ட்டுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, பெயின்டால் அடையாளம் வையுங்கள். சேஸியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்கிய பிறகே ஸ்பானரைப் போட வேண்டும். எடை தாங்கி நிற்கும் தண்டை முறுக்கினால் மரை போய்விடும். இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்கி, கீழே இறக்கி, சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இறக்கிய உடனே அளந்தால் கணக்கு தவறும், சஸ்பென்ஷன் இன்னும் படிந்திருக்காது.

ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை போதும். அதற்கு மேல் போனால், சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் மேல் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ரப்பர் தடுப்பில் முட்டும். அஞ்செட்டிப் பக்கத்துச் சாலையில் போனால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். நான்கு சக்கர இழுவை வண்டியானால் முன் ஆக்சில் ஜாயின்டுகளும் அதிகக் கோணத்தில் சுழன்று பாழாகும்.

மிச்சமாகும் பணத்தை ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் இவற்றில் போடுங்கள். இவை ஆடிக்கொண்டிருக்கும்போது உயரத்தைக் கூட்டுவது வீண். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் மாறும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் புது டயரின் ஓர் ஓரம் மட்டும் கரைந்துபோகும். ஹெட்லைட்டையும் கீழிறக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.

இனி டயர். பழையதன் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர், புதியது சுமார் 774. வண்டி நாலு பக்கமும் 19 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 105-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியரின் இழுவையும் பிரேக்கின் பிடியும் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். வத்தல்மலை ஏறும்போது இழுவை குறைவது புரியும். பிரேக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது பிரேக்கை நம்பாமல், மேலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். பிரேக் பேடும் லைனிங்கும் பழையதென்றால் டயருக்கு முன்னால் அவற்றை மாற்றுங்கள்.

டார்ஷன் பாரை உயர்த்தியதால் டயர் உரசாது என்று பலர் நினைக்கிறார்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரம் போய் நிற்கும் இடம் மாறவே மாறாது. உயர்த்தினால் உரசல் அடிக்கடி நேராது, அவ்வளவுதான். எனவே முழுத் தொகையையும் கொடுக்குமுன் ஒரு டயரை மட்டும் மாட்டிப் பார்க்கக் கடைக்காரரைக் கேளுங்கள். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, உள் மட்கார்டு, பம்பர் முனை, சேஸி மூன்றிலும் இடைவெளி பாருங்கள். அந்த டயருக்கு ரிம் அகலம் குறைந்தது 6.5 அங்குலம் வேண்டும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் லோடு எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030 கிலோ.

பின்பக்கத்தில் எடை தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி இறக்கிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். லோடு ஏற்றும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள். மீதிப் பட்டைகள் அந்த எடையையும் சேர்த்துச் சுமந்து உடையும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை உறுதிசெய்திருக்கிறது. டயர் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் அளவைச் சொல்லிக் கேளுங்கள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கும் வண்டியானால் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

கணக்குப் போடும்போது ஐந்து டயராகப் போடுங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், பின்னால் மாட்டும்போது இரு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். ஐந்தாவதற்குப் பணம் இல்லையென்றால், பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் அதை முன்பக்கத்தில் போட்டு ஓட்டுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியானால் அப்போது அந்த இழுவையைப் போடக் கூடாது.