மலையேற்றத்தில் எங்கே பாய்வது? டூர் வீரர்களின் கணக்கும் சிறுமலை வளைவுகளும்

கேள்வி: ஜூலை மாதம் வந்தால் இரவுச் சாப்பாட்டோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்ப்பது வழக்கம். மலை வந்ததும் ஒரே டீமைச் சேர்ந்த நாலைந்து பேர் வரிசையாக முன்னால் மிதிக்கிறார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் பின்னாலேயே போகிறார்கள். உச்சிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதுதான் யாராவது அட்டாக் பண்ணுகிறார், அதாவது திடீரென வேகமெடுத்துப் பாய்ந்து மற்றவர்களை விட்டுப் போகிறார். இத்தனை சம்பளம் வாங்குபவர்கள் இவ்வளவு பயந்தாங்கொள்ளிகளா? நாங்கள் சில நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சிறுமலை ஏறுகிறோம். நான் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாய்ந்துவிடுவேன். ஏழெட்டு வளைவு போனதும் எல்லோரும் என்னைத் தாண்டிவிடுகிறார்கள். எங்கே பாய்வது சரி? அடுத்து கொடைக்கானல் ஏறலாம் என்று இருக்கிறோம். மிதிக்கிற பலத்தை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் கிடையாது.
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியின் பின்பாதியிலேயே முன்பாதிக்குப் பதில் இருக்கிறது. முதல் வளைவில் பாய்ந்தவரை எட்டாவது வளைவில் பிடித்துவிடுகிறார்கள். டூரில் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடம். அதனால்தான் காத்திருக்கிறார்கள்.

உடம்பு இதில் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மாடித் தொட்டியும் மோட்டாரும் மாதிரிதான். மோட்டார் ஏற்றுகிற அளவுக்குள் குழாயைத் திறந்து வைத்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் திறந்தால் தொட்டி இறங்க ஆரம்பிக்கும். மோட்டார் என்பது உங்களால் ஒரு மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்க முடிகிற வேகம். வாரக் கடைசியில் ஓட்டுகிற, ஓரளவு பயிற்சி உள்ள ஒருவருக்கு 200 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் இருப்பது அதற்கு மேல் செலவழிக்கக் கிடைக்கும் கையிருப்பு. ஏறக்குறைய 15,000 ஜூல். முதல் வளைவில் நீங்கள் வேகமெடுத்து 300 வாட்டில் மிதித்தால் வினாடிக்கு 100 ஜூல் கையிருப்பிலிருந்து போகிறது. 150 வினாடியில், அதாவது இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலி. மேலே ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. காலியான பிறகு பழைய 200 வாட்டில்கூட மிதிக்க முடியாது. மூச்சு சீராகி, கொஞ்சமாவது தொட்டி ஏறுவதற்கு அதற்கும் கீழே இறங்கியாக வேண்டும். உங்கள் நண்பர்கள் தாண்டுவது அந்த இடத்தில்தான்.

டூர் வீரர்களிடம் மோட்டார்தான் பிரமாண்டம். நீண்ட ஏற்றங்களில் முன்னணியில் இருப்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட்டை ஒட்டி மிதிக்கிறார்கள். ஆனால் தொட்டி அந்த அளவுக்குப் பெரிதில்லை. உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்னால் மிதிக்கிற டீம்காரர்கள் தங்கள் தலைவருக்காக வேகத்தைக் கிட்டத்தட்ட எல்லோருடைய மோட்டாரின் எல்லைக்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு மேல் பாய வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்தாக வேண்டும். பார்க்கிற நமக்கு வரிசை தூங்குவதுபோல் தெரிகிறது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் பேசக்கூட முடியாத நிலையில் இருப்பார்கள்.

2012இல் பிராட்லி விக்கின்ஸை வைத்து ஸ்கை டீம் டூரை வென்றது இந்த முறையில்தான். அப்புறம் கிறிஸ் ஃப்ரூமின் நான்கு வெற்றிகளிலும் ரயில் மாதிரி இதே வரிசைதான் ஓடியது. பார்க்க அலுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது காற்று. மலையில் முன்னால் ஒருவர் காற்றைத் தடுப்பது எவ்வளவு உதவும் என்பது சரிவைப் பொறுத்தது. சைக்கிளோடு சேர்த்து 78 கிலோ வருகிற ஒரு வீரர் 8 சதவீத ஏற்றத்தில் 20 கி.மீ. வேகத்தில் போக சுமார் 390 வாட் வேண்டும். அதில் காற்றுக்குப் போவது 30 வாட்தான். அதே வீரர் 5 சதவீத ஏற்றத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது மொத்தம் 350 வாட், காற்றுக்கு மட்டும் 60. பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் அந்த 60இல் ஒரு பகுதியை மிச்சம் பிடித்துவிடுவார். பாய்பவருக்கு முழுச் செலவு. ஆகவே மிதமான ஏற்றத்தில் பாய்வது பெரும்பாலும் வீண். செங்குத்தான இடத்தில் ஒட்டிக்கொள்வதால் பெரிய லாபம் இல்லை, ஆளுக்கு ஆள் பலம் பார்க்கிற இடம் அது. டிவியில் யாராவது பாயும்போது சாலையின் சரிவைக் காட்டும் எண்ணைப் பாருங்கள், அநேகமாக 8க்கு மேல் இருக்கும்.

அப்படியானால் தூரத்திலிருந்து பாய்ந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாய்ச்சல்களைக் கூர்ந்து பார்த்தால் துணிச்சலுக்குப் பின்னால் ஏற்பாடு இருக்கும். 2011 டூரில் ஆண்டி ஷ்லெக் இசோவார்ட் கணவாயில், முடிவுக்கு 60 கி.மீ. இருக்கும்போதே பாய்ந்தார். அவருடைய டீம்காரர்கள் இருவர் காலையிலேயே முன்னால் பிரிந்து போன கூட்டத்தில் கலந்து, மேலே காத்திருந்தார்கள். பள்ளத்தாக்கின் எதிர்காற்றில் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய் கலிபியே உச்சியில் ஜெயித்தார். பின்னால் கடெல் எவன்ஸ் ஏறக்குறைய தனியாளாகத் துரத்தினார். ஆனால் அந்த டூரை வென்றது யார்? எல்லா நாட்களின் மொத்த நேரக் கணக்கில் 1 நிமிடம் 34 வினாடி வித்தியாசத்தில் எவன்ஸ்தான். தனிநபர் நேரப் போட்டியில் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இத்தாலியின் டூரான ஜிரோவில் 2018இல் நடந்தது இன்னும் சுவாரசியம். மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்த ஃப்ரூம், ஃபினெஸ்ட்ரே கணவாயின் மண் சாலையில், முடிவுக்கு 80 கி.மீ. இருக்கும்போது கிளம்பினார். அவருடைய டீம் ஆட்கள் வழியெங்கும் சாப்பாடும் தண்ணீருமாக நின்றார்கள். துரத்தியவர்களில் இருவர் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சிக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, முன்னால் வந்து இழுக்கவில்லை. ஃப்ரூம் ஒரே நாளில் போட்டியையே புரட்டிப்போட்டார். துரத்துபவர்கள் ஒற்றுமையாக இருந்திருந்தால் அந்த இடைவெளி பாதியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய காலத்தில் எல்லோரும் சிங்கம் மாதிரி பாய்ந்தார்கள் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். 2006இல் ஃப்ளாய்ட் லாண்டிஸ் மோர்ஸீனுக்குத் தன்னந்தனியாகப் போன பாய்ச்சலை இன்றும் சிலர் புகழ்கிறார்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, டூர் பட்டமே பறிபோனது அவருக்கு.

பவர் மீட்டர்தான் பந்தயத்தைக் கெடுத்தது என்ற வாதத்தையும் நான் பாதிதான் ஏற்பேன். மீட்டர் இருக்கும் காலத்தில்தான் 2022 டூரில் ஒரே டீமைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கேகோரும், முந்தைய ஆண்டு வென்ற போகாச்சரைக் கலிபியே பக்கம் மாறி மாறித் தாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் தன் தொட்டியிலிருந்து எடுத்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் 9 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள கிரனோன் கணவாயில், உச்சிக்கு 5 கி.மீ. போல இருக்கையில் விங்கேகோர் பாய, போகாச்சர் 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். அதே போகாச்சர் 2025இல் ஓத்தகாமில் 12 கி.மீ. மிச்சமிருக்கும்போதே கிளம்பி, விங்கேகோரை இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளினார். பிறகு கடைசி வாரத்தில், நான்கு நிமிட முன்னிலை கையில் இருந்தபோது, லோஸ் கணவாயிலும் லா பிளான்யேயிலும் முன்னிலையைக் காப்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒரே ஆள், ஒரே டூர். தேவை இருந்தபோது பாய்ந்தார், இல்லாதபோது உட்கார்ந்துவிட்டார்.

உண்மையான பயந்தாங்கொள்ளித்தனம் எங்கே என்று கேட்டால் நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை பாருங்கள். டூரில் முதலிடத்துக்கு 5 லட்சம் யூரோ, அதில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்தால் 11,000. பரிசுப் பணத்தைவிடப் பெரிய விஷயம் தரவரிசைப் புள்ளிகள். மூன்று ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, கடைசியில் நிற்கும் டீம்களை மேல்மட்டத்திலிருந்து இறக்குகிறார்கள். 2022 முடிவில் இரண்டு டீம்கள் அப்படி இறங்கின. ஏழாம் இடத்தில் இருப்பவர் பாய்ந்து தோற்றால் பதினைந்தாம் இடம். பாயாமல் ஏழாவதாகவே முடித்தால் புள்ளியும் உண்டு, அடுத்த ஒப்பந்தமும் உண்டு. அவருக்குப் பாயச் சொல்லி யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இது மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி அதிக ஜாக்கிரதைதான். முதல் மூன்று பேரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, சிறுமலைக்கு வருவோம். உங்களுக்குப் புள்ளியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இன்னொரு வசதி, காற்றும் இல்லை. 6 சதவீத ஏற்றத்தில் 12 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றுக்குப் போவது ஏழெட்டு வாட்தான். நண்பரின் பின்சக்கரத்தில் ஒட்டினால் இரண்டு மூன்று வாட் மிச்சமாகலாம். அவருடைய வேகத்துக்காக உங்கள் வேகத்தைக் கெடுத்துக்கொள்ள அது காரணமே இல்லை. அடிவாரத்தில் அவர்கள் முன்னால் போனால் போகட்டும்.

நத்தம் சாலையிலிருந்து பிரிந்து ஏற ஆரம்பித்ததும் முதல் ஐந்தாறு வளைவுகள் வரை ஒரு முழு வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறாமல் பேசிவிட முடிகிற வேகத்தில் போங்கள். பவர் மீட்டருக்கு அது போதுமான மாற்று. கால் புதிதாக இருக்கும்போது இந்த வேகம் ரொம்ப மெதுவாகத் தோன்றும், அதை நம்பாதீர்கள். அடுத்த ஐந்தாறு வளைவுகளில் வார்த்தைகள் மூன்று நான்காகச் சுருங்குகிற அளவுக்கு ஏற்றலாம். பதினெட்டு வளைவுகளில் பன்னிரண்டாவது தாண்டிய பிறகுதான் பாய்ச்சலைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் இரண்டரை நிமிடத்தை அங்கே செலவழித்தால் துரத்துபவர்களுக்குத் திரும்பப் பிடிக்கத் தூரம் இருக்காது.

எந்த வளைவில் என்பதும் முக்கியம். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். அங்கே சாலை குட்டிச் சுவர் மாதிரி நிமிரும். அதில் எழுந்து நின்று மிதித்தால் தொட்டி மடமடவென இறங்கும். வலதுபக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருக்கிறோம். தூரம் சற்று அதிகம், ஆனால் சரிவு தணியும். நண்பர்கள் அங்கே மூச்சு வாங்கிக்கொள்ள வேகத்தைக் குறைப்பார்கள். அந்த நேரம் பாருங்கள்: வளைவுக்குள் நுழையும்போதே ஒரு கியர் கூட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே மிதிப்பின் வேகத்தைக் குறையவிடாமல் வைத்திருங்கள். வளைவு முடிந்து சாலை மறுபடி நிமிர்கிற இடத்தில் எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி. திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்கள் கியர் மாற்றி வேகம் பிடிப்பதற்குள் முப்பது நாற்பது மீட்டர் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து, தாங்குகிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். பாய்ந்த வேகத்திலேயே கடைசிவரை போக முயல்வதுதான் உங்கள் மாதிரி ஆட்கள் மறுபடி மறுபடி மாட்டிக்கொள்ளும் இடம்.

ஒன்று மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். மேலிருந்து இறங்கும் பஸ்ஸும் வாழைத்தார் ஏற்றிய வேனும் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வெளிவட்டத்தில் இருக்கிறோம் என்று நடுக்கோட்டைத் தாண்ட வேண்டாம். ஹாரன் கேட்டால் பாய்ச்சலை அடுத்த வளைவுக்குத் தள்ளிவையுங்கள். மேலே போனதும் சிறுமலைப் பழம் இரண்டு மூன்று சாப்பிடலாம், ஆனால் ஏற்றத்துக்கான சாப்பாடு அடிவாரத்துக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

கொடைக்கானல் வேறு விளையாட்டு. அடிவாரத்தில் உள்ள காட்ரோட்டிலிருந்து மேலே ஏறக்குறைய 50 கி.மீ.; சராசரிச் சரிவு 4 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். நான்கு மணி நேரம் போல எடுக்கக்கூடிய ஏற்றத்தில் பாய்ச்சலுக்கு முன் சாப்பாடு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது போக வேண்டும். இரண்டு பெரிய வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட வரும். டூர் வீரர்கள் இப்போது 90 முதல் 120 கிராம் வரை எடுக்கிறார்கள், ஆனால் வயிற்றைப் பழக்காமல் அதை முயல வேண்டாம். டம்டம் பாறை வரை வெயில் ஏறிவிடும் என்பதால் விடியும் முன்பே அடிவாரத்தில் இருங்கள். பண்ணைக்காடு பிரிவு தாண்டும் வரை கூட்டமாகவே போங்கள். பெருமாள்மலைக்கு மேல் காற்று மெலிந்து, அதே வேகத்துக்கே மூச்சு கூடுதலாக வாங்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். யாருக்குக் கால் மிச்சம் இருக்கிறது என்று அங்கே தானாகத் தெரிந்துவிடும். உங்களுக்கு இருந்தால் வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ எடுக்க அவர்கள் நிற்கும்போது பாயாதீர்கள், அது அழுகுணி ஆட்டம். கிளம்பிய பிறகு, கடைசி எட்டு கிலோமீட்டரில் பாய்ந்துகொள்ளுங்கள்.