வேறு கை எழுதிய கணக்கு

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது. இப்போது ஈப்போவில் ஒரு சிறு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை. கிளினிக், கடை, டியூஷன் நிலையம் என்று கோல கங்சார் வரை அறுபது ரவுட்டருக்கு மேல் பார்த்துக்கொள்கிறோம். என் சீனியர் அண்ணன் ஒவ்வொன்றிலும் நுழைந்து கையால் தட்டுவார். நான் பல ரவுட்டர்களை ஒரே நேரத்தில் மாற்றும் அன்சிபிள் என்ற கருவியைக் கற்றுக்கொண்டு, நன்றாக ஓடும் ஒரு ரவுட்டரின் கான்ஃபிக்கை, அதாவது அதன் அமைப்பு வரிகளை, மாதிரியாக வைத்து, முகவரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டேன். அதிகமாக இருந்த வரிகளை ஒரே இரவில் நீக்கி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சாலை தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. ஒரு கிளினிக் மட்டும் 4ஜிக்கு மாறவில்லை. அதற்கென்று அண்ணன் போட்டிருந்த ஒரு ரூட் வரி, அதாவது எந்த வழியாகப் போக வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் வரி, அந்த இரவில் போயிருக்கிறது. கிளினிக்கில் அரை நாள் வேலை நின்றது. அண்ணன் எல்லார் முன்னிலையிலும் சிரித்தார். நான் நேபாம் என்ற இன்னொரு கருவிக்கு மாறலாமா? எந்தக் கருவி இதைத் தடுத்திருக்கும்? இனி எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா?

மு.

அன்புள்ள மு.,

ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற காரியத்தைப் பற்றிச் சில மாதங்களாகக் குறிப்பெடுத்து வருகிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

அன்சிபிளா, நேபாமா? இரண்டும் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியவை. ஒன்றுக்குள்ளிருந்து மற்றதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். உங்களிடம் இருப்பவை மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்கள் என்றால், அவற்றோடு பேச நேபாமோடு வரும் டிரைவர்களில் மைக்ரோடிக் இல்லை, ஆர்வலர்கள் எழுதிய தனி டிரைவரைத் தேட வேண்டும். இதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை. ஏஐ பற்றி இப்போது பேச வேண்டாம். அறுபது ரவுட்டரிலும் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

முதலில் என் கோபம். அண்ணன் சிரித்தது வலித்ததால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கிளினிக் நின்றது உங்கள் கடிதத்தில் ஒரு வரியோடு போய்விட்டது. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரை வாங்க மகனின் மோட்டார் சைக்கிளில் தோட்டத்திலிருந்து வரும் பாட்டிகள். மகன் மறுபடி லீவு போட்டால்தான் அவர்களால் மறுபடி வர முடியும். அந்த அரை நாளில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கிளினிக்கில் போய்க் கேட்டீர்களா? கேட்டிருந்தால் நேபாம் பற்றிய கேள்வி உங்கள் வாயில் வந்திருக்காது.

எந்தக் கருவி தடுத்திருக்கும் என்கிறீர்கள். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இந்த வரி மாதிரியில் இல்லை என்று சொன்னது, அது உண்மை. அந்த வரி இருக்க வேண்டுமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓடுகிற ஒரு ரவுட்டரை எடுத்து அதையே சட்டமாக்கினீர்களே, அது சரி என்று யார் சொன்னார்கள்?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. லயன் வீட்டுக் குசினிச் சுவரில் கரித்துண்டால் கணக்கு வைத்திருந்தார். வேலைக்குப் போன நாளுக்குக் கோடு, மழையில் வெட்டு நின்ற நாளுக்கு வட்டம். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார், மாதக் கடைசியில் அதைப் பார்த்துச் சம்பளத்தாள் எழுதுவார், எழுதியதைத் திரும்பச் செக்ரோலோடு சரிபார்ப்பார். ஒரு மாதம் அம்மாவுக்கு இரண்டு நாள் சம்பளம் குறைந்தது. போய்க் கேட்டார். கிராணி இரண்டையும் விரித்துவைத்து, "பாரும்மா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. செக்ரோலில் விட்டுப்போனது சம்பளத்தாளிலும் விட்டுப்போயிருந்தது. ஒரே கை எழுதிய இரண்டு தாள்களை எத்தனை முறை ஒப்பிட்டாலும் ஒன்றாகத்தான் வரும்.

அம்மா அங்கே சண்டை போடவில்லை. பக்கத்து நிரைகளில் வெட்டிய பெண்களின் வீடுகளுக்குப் போனார். அவர்களும் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதே இரண்டு நாள்களில் அவர்கள் சுவரிலும் கோடு, அவர்களுக்கும் சம்பளம் இல்லை. தொழிற்சங்கக் கிளைச் செயலாளரைக் குசினிக்கே கூட்டி வந்து காட்டினார்கள். அடுத்த சம்பளத்தில் பணம் சேர்ந்து வந்தது. அந்தச் சுவருக்கு அப்படி ஒரு பலம் எங்கிருந்து வந்தது? அது செக்ரோலைப் பார்த்து எழுதப்படவில்லை. வேலை செய்தவரே, வேலை செய்த அன்றே, தனியாகப் போட்ட கோடு.

நீங்கள் கிராணி செய்ததைச் செய்தீர்கள். ஒரு ரவுட்டரில் இருந்ததைப் பார்த்து எழுதி, அதை வைத்து மற்ற ரவுட்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னீர்கள். இந்தத் தொழிலில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், அதற்குத் தங்க மாதிரி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ரான்சிட், ஆக்சிடைஸ்டு மாதிரியான கருவிகள் நேற்றைய கான்ஃபிக்கை இன்றையதோடு ஒப்பிடும். யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சொல்ல அவை மிக நல்லவை. ஆனால் நேற்றே தப்பாக இருந்தால் இன்றைக்கு மாற்றம் இல்லை என்றுதான் அறிக்கை வரும். இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும் டிஃப் என்ற நிரல் 1974-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் வந்தது. ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976-இல் அதன் வழிமுறையை எழுதி வெளியிட்டார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அதற்குத் தெரிந்தது வரிகள் மட்டுமே. எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளில் வரி இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும், வேறு இடங்களில் வரிசை மாறினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் அது ஒரே மாதிரிதான் காட்டும். மைக்ரோடிக்கில் கான்ஃபிக்கை எக்ஸ்போர்ட் எடுத்தால் முதல் வரியில் தேதியும் நேரமும் இருக்கும், அதனால் எதுவுமே மாறாத நாளிலும் மாற்றம் என்று காட்டும். இப்படி வீண் வரிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகிப்போகிறது. பழகிய கண் அந்த ஒரு ரூட் வரியையும் தாண்டிப் போய்விடும்.

அந்த வரி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நாமே எழுதிவைக்கும் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு, எந்த வழி முந்த வேண்டும் என்று சொல்லும் டிஸ்டன்ஸ் என்ற எண் வழக்கமாக 1, சிறிய எண்தான் முந்தும். அதை 250 மாதிரி பெரிய எண்ணாக்கி 4ஜி மோடத்தின் பக்கம் காட்டிவிட்டால், ஃபைபர் இருக்கும்வரை அந்த ரூட் வேலைக்கு வராது. ஃபைபர் போன நிமிடம் அதுதான் கிளினிக்கைத் தாங்கும். மாதக்கணக்கில் சும்மா கிடப்பதுபோல் தெரிகிற வரி அது. ஜூனிப்பர் நிறுவன ரவுட்டரில் கமிட் கன்ஃபர்ம்டு என்ற கட்டளையைக் கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய கான்ஃபிக் தானே திரும்பிவிடும். மைக்ரோடிக்கின் சேஃப் மோட் தொடர்பு அறுந்தால் மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டும் அருமையானவை, கட்டாயம் பழகுங்கள். ஆனால் உங்கள் இரவில் இரண்டும் உதவியிருக்காது. அந்தப் பத்து நிமிடமும் எல்லாம் நன்றாகத்தானே ஓடியிருக்கும்!

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? நம் ஊரில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நின்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் வரவில்லை. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைச் சரிபார்த்து நிறுத்துவதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிழை இருந்ததால் அது நிறுத்தவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே சரிபார்க்கும் கருவி தவறுகிறது. ஈப்போவில் ஒருவர் இரவோடு இரவாக அறுபது ரவுட்டரில் கைவைக்கலாமா?

அண்ணனிடம் வருகிறேன். எல்லார் முன்னிலையிலும் சிரித்தது தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஏன் போட்டேன் என்று எழுதாமல் விட்டதும் அவர் தப்புதான். மைக்ரோடிக்கில் ஒவ்வொரு ரூட்டிலும் கமெண்ட் எழுத இடம் இருக்கிறது, சிஸ்கோ ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு நேம், அதாவது ஒரு பெயர், கொடுக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனாலும் தம்பி, அந்தக் குசினிச் சுவர் இப்போது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. மாலை இடியில் ரவுட்டர் எரிந்து, வேறு மாடலைக் கொண்டுபோய்ப் பொருத்தி, அந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று நினைவிலிருந்து எழுதிய மனிதரைக் கையால் தட்டுகிறவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கும் கூடவே போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை அவரை மாமாக் கடைக்குக் கூப்பிடுங்கள். முதலில் கிளினிக்குகள், மற்றவை பிறகு. ரவுட்டரைத் திறக்காதீர்கள். இந்த இடத்துக்கு என்னென்ன இணைப்பு, எது அறுந்தால் எது தாங்க வேண்டும், யாருக்காக என்று அவரைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோப்பு போதும். நெட்வொர்க் விவரங்களைப் பதிந்துவைக்கும் நெட்பாக்ஸ் மாதிரியான ஒன்றில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எழுதி முடித்த பிறகுதான் கருவியைக் கொண்டு ரவுட்டரில் இருப்பதை அதோடு ஒப்பிட வேண்டும். கோப்பில் இல்லாத வரி வந்தால் நீக்காதீர்கள், அண்ணனைக் கேளுங்கள். அன்சிபிளில் செக், டிஃப் என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்தால், எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டும். அதை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். மாற்றியது ஒரு ரவுட்டராக இருந்தாலும், அன்று மாலை கிளினிக் மூடிய பிறகு நேரில் போய் ஃபைபர் கேபிளைக் கழற்றுங்கள். 4ஜிக்கு மாறுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

முதல் ஐந்து கோப்புகள் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கருவி என்று அப்போது பேசலாம்.