முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த கோழிக்குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது, எழுந்து நிற்கவில்லை. காப்பாற்ற முடியுமா, விட்டுவிடுவதுதான் நல்லதா?

காப்பாற்றலாம். பொரித்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் பெரும்பாலும் கால் நேராகிவிடும். ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். பிறந்த புதிதில் எலும்பும் தசைநாரும் இளசாக இருக்கும், நாம் வைத்த பக்கம் வரும். ஒரு வாரம் போய்விட்டால் கால் அந்த நிலையிலேயே இறுகிவிடும், அப்புறம் கட்டுப் போட்டும் பெரிய பலன் இருக்காது.

இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் மற்றப் பதில்களில் பாதி, "கழுத்தைத் திருகிவிடுங்கள், அதுதான் கருணை" என்கிற மாதிரி இருக்கின்றன. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. குடல் வெளியே தள்ளிப் பிறந்த குஞ்சுக்கு அப்படிச் சொன்னால் எனக்குப் புரியும். கால் விரிந்த குஞ்சுக்கு ஏன் அந்தத் தீர்ப்பு?

நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறவள். எங்கள் வீட்டில் கோழிக்கறி சமைப்போம், சேவலைக் கறிக்கு விற்போம். "அறுத்துத் தின்கிறவளுக்குக் குஞ்சு மேல் என்ன பாசம்" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் கூட்டில் பொரித்த உயிர் நல்லபடியாக வளர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டுக்கும் நடுவில் எந்த முரண்பாடும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இன்குபேட்டரில் பொரித்திருக்கிறீர்கள், குஞ்சை எடுத்து அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் முதல் வேலை அந்தத் தாளை எடுப்பது. ஈரம் காய்ந்து குஞ்சு முதன்முதலாக எழும்பும்போது தாளில் பிடிமானம் கிடைக்காது. கால் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கும், மறுபடி எழும்ப முயன்றால் இன்னும் விரியும். பழைய டர்க்கி துண்டோ துவைத்துக் காயவைத்த சணல் சாக்கோ விரியுங்கள். அதற்காக எல்லாப் பழியையும் தாள் மீது போட மாட்டேன். கோழி முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள் என்பது கணக்கு. சூடு கூடினாலும் குறைந்தாலும், கடைசி மூன்று நாள் ஈரப்பதம் சரியில்லாமல் போனாலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மல்லுக்கட்டிச் சோர்ந்து வெளியே வரும். தாய்க்கோழியின் தீவனத்தில் சத்துக் குறைந்திருந்தாலும் குஞ்சின் காலில் கோளாறு தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி அடைமழை நேரம். வைக்கோல் போட்ட கடவத்தில், அதாவது பெரிய ஓலைப்பெட்டியில், கறுப்புப் பெட்டை அடையிருந்தது. பாதிக்கு மேல் நாள் போன பிறகு ஒரு ராத்திரி சாரைப்பாம்பு புகுந்து சில முட்டைகளை விழுங்கிவிட்டது. மிச்ச முட்டைகள் பக்கமே பெட்டை போகவில்லை. என் நாத்தனார் மகன் தெர்மோகோல் பெட்டியில் பல்பும் சின்ன மின்விசிறியும் வைத்து ஒரு இன்குபேட்டர் செய்து வைத்திருந்தான். "அத்தை, கொண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்து உயிர் ஓடுவதை மட்டும் வைத்தோம். அந்த வாரம் மழையோடு காற்றும் சேர்ந்தது, தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. கரண்டு இல்லாத ராத்திரியில் சுடுதண்ணீர் பாட்டில்களைத் துணி சுற்றி உள்ளே வைத்து, பெட்டியைப் போர்வையால் மூடி மாறி மாறிக் காவல் இருந்தோம். அப்படியும் முட்டை கொஞ்சம் ஆறத்தான் செய்தது. முட்டை ஆறினால் பொரிப்பும் தள்ளிப்போகும். 21 நாள் கடந்த பிறகுதான் ஓட்டில் கீறல் விழுந்தது.

பொரித்ததில் ஒன்று மட்டும் நீச்சலடிக்கிற தவளை மாதிரி இரண்டு காலையும் இரு பக்கம் நீட்டிக் குப்புறக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மைனி, அது தேறாது. தூக்கித் தோப்புல போடுங்க, காக்கா கொண்டு போவட்டும்" என்றாள். கெட்ட மனசில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அதுதான் வழக்கம்.

என் மாமியார்தான் குஞ்சைக் கையில் வாங்கினார். எழுபது வயது தாண்டியவர், கண் மங்கல், ஆனால் விரல் பார்க்கும். தொடையிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவினார். "ஒடிஞ்சிருந்தா தொங்கும் மக்களே. இது ஒடியல்ல, விரிஞ்சு கிடக்கு. ஒரு செரட்டை எடுத்துட்டு வா" என்றார். சிரட்டை என்றால் தேங்காய்க் கொட்டாங்குச்சி. அதற்குள் மெத்தென்று துணி மடித்து வைத்து, குஞ்சின் இரண்டு காலையும் வயிற்றுக்கடியில் கூட்டி அதில் உட்கார வைத்தார். சிரட்டையின் குழிவில் கால் வெளியே ஓட இடமில்லை, உடம்புக்குக் கீழேதான் நிற்கும். சின்ன டம்ளரில் இதே மாதிரி உட்கார வைக்கும் காணொளிகளைப் பின்னாளில் பார்த்தேன். என் மாமியார் எந்தக் காணொளியும் பார்த்தவர் இல்லை.

சிரட்டையில் இருந்த நேரம் போக மற்ற நேரத்துக்குக் கட்டு. இதைத்தான் நீங்கள் இன்று செய்ய வேண்டும். சாதாரண பேண்ட்எய்ட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகக் கத்தரியுங்கள். ஒரு பாதி போதும். நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் வரட்டும். ஒட்டும் முனைகளை ஒவ்வொரு காலிலும் முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவில், செதில் தெரிகிற இடத்தில் சுற்றி, அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். நல்ல குஞ்சு ஒன்று பக்கத்தில் நிற்கும்போது கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள், அதே இடைவெளிதான் இதற்கும். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடலாம். ஒட்டிப் பிடித்துக் கட்டினால் நிற்க முடியாமல் விழும். இறுக்கிச் சுற்றக் கூடாது. சிறிது நேரம் கழித்துப் பாதத்தைப் பாருங்கள், வீங்கியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே அவிழ்த்துத் தளர்வாகப் போடுங்கள். ஒருவர் குஞ்சைப் பிடிக்க ஒருவர் ஒட்டினால் சுலபம்.

கட்டுப் போட்டதும் குஞ்சு முகம் குப்புற விழும், கத்தும். "ஐயோ, சித்திரவதை செய்கிறோமே" என்று அவிழ்த்துவிடாதீர்கள். நம் கையால் நெஞ்சுக்கடியில் லேசாகத் தாங்கி நிற்க வையுங்கள். கொஞ்சம் நிற்கட்டும், விழுந்தால் ஓய்வு, மறுபடி. குஞ்சு வேகமாக வளரும் என்பதால் தினமும் கட்டைப் பார்த்து மாற்ற வேண்டும். பல குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாளிலேயே பிடிமானம் வந்துவிடும், சிலவற்றுக்கு ஐந்தாறு நாள் ஆகலாம்.

இரை எடுக்கவில்லையே என்று முதல் நாளே பதற வேண்டாம். பொரிக்கும் முன் உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். தண்ணீர்தான் முக்கியம். நடக்க முடியாத குஞ்சு தண்ணீர்க் கிண்ணம் வரை போகாது, நாம்தான் அலகு நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துக் காட்ட வேண்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள். இந்த மாதிரிக் குஞ்சு ஒரு விரல் ஆழத் தண்ணீரில் கவிழ்ந்தே செத்துப்போகும். இரைக்குக் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள், அது இல்லாத நாளில் வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவை உதிர்த்துப் போடலாம். கால்நடை மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் கலந்த சொட்டு மருந்து கிடைக்கும், தண்ணீரில் அதைச் சேர்த்தால் நல்லது.

சூடு முதல் வாரம் 35 டிகிரி அளவில் இருக்கட்டும், அடுத்தடுத்த வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். எல்இடி பல்பைப் போட்டு வைத்துவிட்டுக் குஞ்சு குளிரில் செத்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அது வெளிச்சம்தான் தரும். பழைய குண்டு பல்பு 60 வாட் வேண்டும். கட்டுப் போட்ட குஞ்சால் சூடு தாங்காமல் நகர்ந்து போகவும் முடியாது, அதனால் பல்புக்கு நேர் கீழே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். தனியாகவும் போடாதீர்கள். தனிக்குஞ்சு கத்திக் கத்தியே இரை எடுக்காமல் போகும். சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுங்கள். காலில் ரத்தமோ புண்ணோ இருந்தால் மட்டும் துணைக்குஞ்சைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள், சிவப்பைக் கண்டால் கொத்தும்.

எங்கள் குஞ்சு இப்போது முட்டையிடுகிற பெட்டை. நடக்கும்போது இடது கால் சற்று வெளிப்பக்கம் திரும்பும், தெரிந்தவர்கள் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அடையிருந்து குஞ்சும் பொரித்துவிட்டது. ஊனமான கோழியின் முட்டையை அடைவைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். அடைகாக்கும்போது சூடு குறைந்தோ தரை வழுக்கியோ விரிந்த கால் பரம்பரையாக வராது. அலகு கத்தரிக்கோல் போல மாறிக்கிடக்கும் கோழியின் முட்டையை நான் அடைவைக்க மாட்டேன், அது வழிவழியாக வரக்கூடும்.

குஞ்சு நன்றாக நடக்கத் தொடங்கியதும் சாக்கை எடுத்துவிட்டு உமி விரிக்கலாம். உமி என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த இந்த நாஞ்சில்நாடு திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியமாக இருந்தது. 1956இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைந்த மண். நான் கல்யாணமாகி வந்த புதிதில் தெருமுனையிலேயே நெல் மில் இருந்தது, சாக்கு கொண்டு போனால் வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம். வயலில் முதலில் வாழை வைக்கிறார்கள், அப்புறம் தென்னை, அப்புறம் செம்மண் அடித்து நிரப்பி வீட்டுமனைக் கல் நடுகிறார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைசி வயல் வரை வருவதில்லை, அறுப்புக் கூலி கட்டவில்லை என்று விற்கிறவர்கள் சொல்வது எனக்கும் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கி நிரப்புகிறவர்கள் மீதுதான் கோபம். தண்ணீர் வடிகிற ஓடையையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள், மழை பெய்தால் எங்கள் கோழிக்கூட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. கேட்டால் பட்டா இடம் என்று காகிதத்தைக் காட்டுகிறார்கள். நெல் விளைந்த ஊரில் இருந்துகொண்டு உமியை வெளியூரிலிருந்து மூட்டை விலைக்கு வாங்குகிறேன்.

சரி, உமி கிடைக்கவில்லை என்றால் மரம் அறுக்கும் இடத்துத் தூளைப் போடாதீர்கள், குஞ்சு இரை என்று நினைத்துத் தின்னும். கொஞ்சம் பெரிய மரச்சீவல் நல்லது. நன்றாகக் காய்ந்த தேங்காய் நார்க்கழிவும் எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

உங்கள் குஞ்சுக்கு இருப்பது விரிந்த கால்தானா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விரல்கள் மட்டும் உள்ளே சுருண்டிருந்தால் தாய்க்கு பி2 சத்துக் குறைவாக இருந்திருக்கலாம். கல்யாணக் கார்டு அட்டையைப் பாதம் அளவுக்கு வெட்டி, விரல்களை அதில் விரித்து, காகிதப் பிளாஸ்திரியால் ஒட்டினால் நேராகும். முட்டியின் பின்பக்கம் வீங்கி, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தால் தசைநார் இடம் மாறியிருக்கும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தொப்புளில் மஞ்சள்கருப் பை கொஞ்சம் தொங்கினால் இழுக்கவே கூடாது. போவிடோன் அயோடின் தொட்டு வைத்து, சுத்தமான ஈரத்துணி விரித்த கிண்ணத்தில் உட்கார வைத்து இன்குபேட்டருக்குள்ளேயே விடுங்கள், பெரும்பாலும் உள்ளே போய்விடும். வயிறு உப்பித் தொப்புளில் நாற்றம் அடித்தால் பிழைப்பது அரிது. அந்த மாதிரிக் குஞ்சை வாளித் தண்ணீரில் அமுக்குவதையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அது வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள், முடியாது என்றால் வலியில்லாமல் முடித்து வைப்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் செய்தும் சில குஞ்சுகள் போய்விடும். எல்லாமே பிழைக்கும் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தை எல்லாக் குஞ்சுக்கும் விடுவீர்கள் அல்லவா? கட்டுப் போட்ட குஞ்சு மற்றவற்றோடு இல்லாமல் வேறு பெட்டியில் இருப்பதால் மறந்துபோவது எளிது. எழுந்து நின்று தெம்பாக இரை எடுக்கத் தொடங்கியிருந்தால் அதற்கும் அதே நாளில் விட்டுவிடுங்கள். அதற்குள் கட்டு அவிழ்க்கும் அளவுக்கு வந்திருக்கும்.