துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விளையாட

கொலையை மையமாகக் கொள்ளாத இண்டி வீடியோ கேம்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வீடியோ கேம் விளையாடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். எதைத் தொட்டாலும் முதல் ஐந்து நிமிடத்தில் கையில் துப்பாக்கியையோ வாளையோ திணித்துவிடுகிறார்கள். யாரையும் கொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்காகச் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டையும் நான் கேட்கவில்லை. சிறு குழுக்கள் உருவாக்கும் இண்டி கேம்களில் எனக்கேற்றவை உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ஆனால் பெயர்களைச் சொல்வதற்கு முன், துப்பாக்கி ஏன் இவ்வளவு எளிதாக நம் கைக்கு வந்துவிடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோலும் அதிலேயே இருக்கிறது. தூரத்தையும் கோணத்தையும் கணக்கிடுவது கணினிக்குக் கைவந்த கலை. குறி தப்பியதா, பட்டதா என்பதை அது நொடியில் சொல்லிவிடும்; எதிரே நிற்பவரின் மனம் மாறியதா என்பதைக் கணக்கிடுவதற்கு அப்படியொரு சுலபமான சூத்திரம் கிடையாது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்பேஸ்வார்' இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடுவதாகவே அமைந்தது. அந்தத் தடத்திலேயே பலரும் நடந்தார்கள். ஆகவே ஒரு விளையாட்டைப் பார்க்கும்போது அதன் கதையைச் சற்று ஒதுக்கிவிட்டு, அதில் நம் கை ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வினை எது என்று பாருங்கள். கதை உலகத்தைக் காப்பாற்றுவதாக இருக்கும். கை சுட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் தேடுவது, அந்த வினை வேறாக அமைந்த விளையாட்டை.

அந்த வகையில் நான் முதலில் சொல்வது 'அவுட்டர் வைல்ட்ஸ்'. ஒரு மாணவரின் முதுகலைப் பட்டத் திட்டமாகத் தொடங்கி, மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறு நிறுவனத்தின் கைவண்ணத்தில் 2019-இல் வெளியாகி, மறு ஆண்டே பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகமான பாஃப்டாவின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. மரப்பலகைகளை ஒட்டுப்போட்டுச் செய்தது போன்ற ஒரு குட்டி விண்கலத்தில் ஏறி, ஒரு சின்னஞ்சிறு சூரியக் குடும்பத்தைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. பிறகு தொடங்கிய இடத்திலேயே, அதே நெருப்பருகே, மீண்டும் கண் விழிக்கிறீர்கள். புதிய ஆயுதமோ கூடுதல் வலிமையோ எப்போதும் கிடைக்காது. சென்ற முறை தெரிந்துகொண்டது மட்டுமே உங்கள் கையிருப்பு.

அங்கே இரட்டையராக இரண்டு கோள்கள் உண்டு. ஒன்றிலிருக்கும் மணல், மணற்கடிகாரத்தில் இறங்குவதைப் போல மற்றொன்றின் மீது கொட்டிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக ஒன்றின் குகைகள் மூடிக்கொள்ள, மற்றதில் புதைந்திருந்த கட்டடங்கள் தலைகாட்டும். எந்த நிமிடத்தில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதை நீங்களாகவே கண்டுகொள்ள வேண்டும். பனிமூட்டத்துக்குள் உலவும் ராட்சத மீன்கள் உங்களை விழுங்கவும் கூடும். அவற்றைத் தாக்க ஒரு வழியும் இல்லை. அவற்றைக் கடந்து செல்லும் உபாயமோ, வேறொரு கோளின் குகையில் எப்போதோ வாழ்ந்த சிறுவர்கள் எழுதி வைத்த விளையாட்டு விதிகளுக்குள் இருக்கிறது. (முதல் நாள் விண்வெளி உடையை அணியாமல் கதவைத் திறந்து நான் மூன்று முறை செத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) இரண்டு எச்சரிக்கைகள்: ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும், முப்பரிமாணக் காட்சிக்குப் பழகாதவர்களுக்குத் தொடக்கத்தில் தலை சுற்றலாம்.

அடுத்தது, லூகாஸ் போப் தனியொருவராக உருவாக்கி 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. இதில் பிணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உங்கள் கணக்கில் சேராது. காணாமற்போய் 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில், 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று எழுத வேண்டிய காப்பீட்டு ஆய்வாளர் நீங்கள். ஒரு மாயக் கடிகாரம், ஒவ்வொருவரும் இறந்த கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டுகிறது. யார் எந்த மொழி பேசுகிறார், எவர் காலில் என்ன அணிந்திருக்கிறார், தொங்கு படுக்கையில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று துருவிப் பார்த்துப் பெயரையும் முடிவையும் பதிவேட்டில் நிரப்ப வேண்டும். மூன்று பேரின் விவரம் சரியாக அமைந்தால்தான் விளையாட்டு அதை உறுதிசெய்யும் என்பதால் குருட்டாம்போக்கில் ஊகிப்பது பலிக்காது. சாவைக் காட்டுவதற்கும் சாகடிக்கச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டை நான் பார்த்ததில்லை. காட்சிகள் கருப்பு வெள்ளையில் இருந்தாலும் கோரமானவை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவை இரண்டுமே கனமானவை என்று தோன்றினால் 2021-இல் விட்ச் பீம் குழு வெளியிட்ட 'அன்பேக்கிங்' இருக்கிறது. ஒரு பெண் 1997-இலிருந்து 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குவது மட்டுமே உங்கள் வேலை. ஒரு கட்டத்தில் அவள் தன் ஆண் நண்பனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழைச் சட்டத்தோடு பெட்டியிலிருந்து எடுக்கிறீர்கள். அவன் படங்கள் நிறைந்த சுவரில் அதை மாட்ட இடமில்லை. எங்கே வைத்தாலும் விளையாட்டு ஏற்க மறுக்கிறது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஒப்புக்கொள்கிறது. அந்த உறவு எப்படி முடியும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஒரு வரி வசனம்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

கேள்வி: எதிரி இல்லாவிட்டால் சவால் ஏது? அரை மணி நேரத்தில் அலுத்துவிடாதா?

பதில்: அலுக்கிறதா என்று 'பாபா இஸ் யூ'வில் சோதித்துப் பாருங்கள். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி 2019-இல் வெளியிட்ட இந்தப் புதிரில், விதிகளே தள்ளி நகர்த்தக்கூடிய சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. 'சுவர்', 'என்பது', 'தடை' என்ற பொருள் தரும் மூன்று கட்டைகள் வரிசையாக நிற்கும் வரைதான் சுவர் உங்களை மறிக்கும். நடுவிலுள்ள கட்டையை ஒரு தட்டுத் தட்டி நகர்த்திவிட்டால் அதே சுவருக்குள் புகுந்து நடக்கலாம். இருபது நிலைகளுக்கு மேல் என் இறுமாப்பு நீடிக்கவில்லை.

விரல்களுக்கும் வேலை வேண்டுமென்றால் மலையேறும் பெண்ணைப் பற்றிய 'செலஸ்ட்' (2018) இருக்கிறது. தவறி விழுந்து நூற்றுக்கணக்கில் சாவது நீங்கள் மட்டுமே. ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் வந்து நிற்பீர்கள் என்பதால் தோல்வி உறைப்பதில்லை. வேகத்தைக் குறைக்கவும் சறுக்காமல் பிடித்துக்கொள்ளவும் உதவும் வசதிகளை அமைப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: 'ஸ்டார்டியூ வேலி'யைப் பலரும் அமைதியான விளையாட்டு என்று பரிந்துரைக்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் அதிலும் வாள் தருகிறார்களே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எரிக் பரோன் நான்கரை ஆண்டுகள் தனியாக உழைத்து, படமும் இசையும் நிரலும் தானே ஆக்கி 2016-இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் பெரும்பொழுது உழவிலும் ஊராரோடு பழகுவதிலும் கழியும் என்பது உண்மை. சுரங்கத்துக்குள் இறங்கினால் வாள் வீச வேண்டும் என்பதும் உண்மை. செம்பும் இரும்பும் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைப்பதால் சுரங்கத்தை முற்றிலும் ஒதுக்கினால் முன்னேற்றம் மெதுவாகும். மையத்தில் கொலை இல்லாத விளையாட்டு, கொலையே இல்லாத விளையாட்டு என்று இரண்டு வகை இருப்பதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

டோபி ஃபாக்ஸின் 'அன்டர்டேல்' (2015) மூன்றாவது வகை என்றே சொல்லலாம். அங்கே எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் சண்டையிடவும் முடியும். பேசியோ சிரிக்க வைத்தோ பொறுத்திருந்தோ உயிரோடு விட்டுவிடவும் முடியும். ஒருவரைக்கூடக் கொல்லாமல் முடிவு வரை செல்ல வழி இருக்கிறது. ஆனால் கொன்றுவிட்டு, அதற்கு முன் சேமித்து வைத்த கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கி நல்லவராக நடந்துகொண்டாலும், நீங்கள் முன்பு செய்தது அந்த விளையாட்டுக்கு நினைவிருக்கும். கொலையை வெறுப்பவர்கள் விளையாட வேண்டிய விளையாட்டு இது. கொலையைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு உகந்ததல்ல.

கேள்வி: சென்ற ஆண்டு என் தாயை இழந்தேன். மனம் லேசாக ஏதாவது விளையாடலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: மென்மையானது என்று எல்லோரும் கைகாட்டும் 'ஸ்பிரிட்ஃபேரர்' (2020) உங்களுக்கு இப்போது வேண்டாம். இறந்தவர்களின் ஆன்மாக்களைப் படகில் ஏற்றிப் பராமரித்து, கட்டியணைத்து, ஒவ்வொருவராக வழியனுப்பி வைப்பதுதான் அதன் முழு வேலையும். அழகானது, ஆனால் ஆறாத புண்ணைத் தொடும். 2019-இல் வெளியான 'எ ஷார்ட் ஹைக்' என்ற அருமையான சிறு விளையாட்டையும் தள்ளி வையுங்கள். தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பறவை, சமிக்ஞை கிடைக்கும் மலையுச்சிக்கு ஏறிச் செல்வதுதான் கதை என்றாலும், கடைசியில் வரும் உரையாடலில் தாயின் உடல்நிலை பற்றிய பேச்சு வருகிறது. கதையே இல்லாத 'டோர்ஃப்ரொமான்டிக்'கை எடுத்துக்கொள்ளுங்கள்: அறுகோணத் துண்டுகளைக் காட்டோடு காடு, வயலோடு வயல், ஆற்றோடு ஆறு சேருமாறு வைத்துக்கொண்டே போகலாம். மதிப்பெண்ணும் வேண்டாமென்றால் முடிவில்லாமல் அடுக்கிக்கொண்டிருக்கும் வகையும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: ஒன்பது வயது மகளோடு சேர்ந்து விளையாட ஒன்று சொல்லுங்கள். பண்பையும் கற்பிக்க வேண்டும்.

பதில்: பண்புக்கு உத்தரவாதம் தர மாட்டேன், சிரிப்புக்குத் தருகிறேன். ஹவுஸ் ஹவுஸ் குழுவின் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' (2019) விளையாட்டில் நீங்கள் ஓர் அடங்காத வாத்து. தோட்டக்காரரின் சாவியைத் திருடு, அவரை நனைய வை, குப்பைவாரியைக் குளத்தில் போடு என்று ஒரு வேலைப்பட்டியல் உங்களிடம் இருக்கும். கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை உங்கள் மகளிடம் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. 2020-இல் இரண்டு வாத்துகளாகச் சேர்ந்து விளையாடும் வசதியும் வந்துவிட்டது.

கேள்வி: முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் விளையாட ஆசை. வசைச்சொல்லும் சண்டையும் இல்லாமல் அது சாத்தியமா?

பதில்: 2012-இல் தட்கேம்கம்பெனி உருவாக்கிய 'ஜர்னி' அதைச் சாதித்தது. சோனியின் ஆதரவோடு வந்ததால் இண்டி என்ற சொல்லை இங்கே கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்த வேண்டும். பாலைவனத்தில் நடக்கும்போது வேறொரு பயணி எதிர்ப்படுவார். அவர் உலகின் எங்கோ இருக்கும் உண்மையான மனிதர். பெயர் தெரியாது, பேச முடியாது. ஒலியெழுப்பி அழைப்பது ஒன்றே மொழி. உருவாக்கத்தின்போது இரு பயணிகளும் ஒருவரையொருவர் தள்ள முடியும்படி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்தவர்கள் துணைக்கு வந்தவரை ஆபத்துக்குள் தள்ளிவிட்டு மகிழ்ந்தார்கள். மனிதர்களைத் திருத்த முயலாமல், மோதும் வசதியையே எடுத்துவிட்டார்கள். மாறாக, இருவரும் நெருங்கி நின்றால் இருவருடைய கழுத்துத் துணியும் பறக்கும் ஆற்றலைப் பெறும்படி செய்தார்கள். அதன்பின் பனிமலையில் முன்பின் தெரியாத இருவர் ஒட்டி ஒட்டியே நடந்தார்கள். கூட வந்தவர் யார் என்பது, எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெயர்ப்பட்டியலில்தான் தெரியும்.

கேள்வி: முன்னோட்டக் காணொளியை நம்பி ஏமாந்திருக்கிறேன். வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முன்னோட்டத்தில் அழகிய மலையைக் காட்டுவார்கள்; மலைக்குப் போகும் வழியில் நாற்பது பேரை வெட்ட வேண்டும் என்பதைக் காட்ட மாட்டார்கள். யாராவது விளையாடி, எதையும் நீக்காமல் முழுமையாகப் பதிவேற்றிய காணொளியை நடுப்பகுதியிலிருந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, கை எதைச் செய்கிறது என்று மட்டும் பாருங்கள். 'இதமானது' என்று விற்பனைத் தளத்தில் ஒட்டியிருக்கும் அடையாளத்தை நம்ப வேண்டாம். படத்தின் நிறத்தைப் பார்த்தே அதை ஒட்டிவிடுகிறார்கள். ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கும் நிலையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'அவுட்டர் வைல்ட்ஸ்' கணக்கில் அது ஏறக்குறைய ஐந்து சூரிய வெடிப்பு, அதற்குள் முடிவுசெய்துவிடுங்கள்.