முந்திரிகை கொடியிலேயே காயுது: வைன் சந்தை பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

தென் அவுஸ்திரேலியாவில ஒரு வைன் ஆலையில பன்னிரண்டு வருசம் வேலை. தொட்டி கழுவத் தொடங்கி, கடைசியில கொள்வனவுப் பக்கம் இருந்தனான். இப்ப திருகோணமலை உப்புவெளியில. ஊராக்கள் கேட்டதுகளுக்குப் பதில் இது.

குச்சவெளியில இருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, மருமகன் அவுஸ்திரேலியாவில வேலை செய்யிற தோட்டத்தில சிவப்பு முந்திரிகையை ஆயாமலே விட்டிட்டாங்களாம். ஏன்?

ஆயுற மெசின் கூலிக்கும் காணாத விலை, அதுதான். உங்கட ஊரில எல்லாரும் ஒரேயடியா வெங்காயம் கிண்டினா என்ன நடக்கும்? ஆனா வெங்காயக்காரன் அடுத்த போகம் மிளகாய் போடுவான். முந்திரிகைக் கொடி முப்பது வருசம் நிற்கும், நினைச்ச உடன மாத்தேலாது.

சீனா 2021இல அவுஸ்திரேலிய வைனுக்கு 218 வீதம் வரை வரி போட்டது. சிவப்பு வைன் தொட்டிகளில தேங்கிச்சு. 2024 மார்ச்சில வரியை எடுத்தாங்கள்தான், ஆனா அதுக்கிடையில சீனாக்காரரே குடிக்கிறதைக் குறைச்சிட்டினம். உலகம் முழுக்க அதே கதை. 2024இல குடிச்சது ஏறத்தாழ 214 மில்லியன் ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் எண்டா நூறு லீற்றர்), 1961க்குப் பிறகு இவ்வளவு குறைஞ்சதில்லை. விளைச்சலும் அறுபது வருசத்தில இல்லாத அளவுக்கு விழுந்தது, எண்டாலும் விலை எழும்பேல்லை. பிரான்சின்ர போர்தோவில கொடியைப் பிடுங்க அரசாங்கமே காசு குடுத்தது.

துறைமுகத்தில வேலை செய்யிற தம்பி: போத்தலில அடைக்காத மொத்த வைனை எப்பிடி ஏத்துறவை?

இருபதடிக் கொண்டெய்னருக்குள்ள ஒரு பெரிய பை, பிளெக்சிடாங்க். 24,000 லீற்றர் பிடிக்கும். அது 32,000 போத்தல். போத்தலிலயே அடைச்சு ஏத்தினா அதில பாதியும் போகாது. வாங்கிறவைக்கு ஒரு நுணுக்கம்: அவுஸ்திரேலியாவில பெப்ரவரியில அறுவடை தொடங்கும், அதுக்கு முதல் தொட்டி வெறுமையாக வேணும். தை மாசம் பேரம் பேசினா ஆலைக்காரர் இறங்கி வருவினம். எங்கட ஆலையும் அப்பிடி இறங்கினதுதான்.

நிலாவெளி ஹோட்டல்காரர்: அப்ப எங்களுக்கு ஏன் மலியேல்லை?

போத்தலுக்குள்ள இருக்கிற வைனின்ர விலை சின்னப் பங்குதான். கண்ணாடி, கப்பல் கூலி, சுங்கம், மதுவரி ஒண்டும் குறையேல்லையே.

சாம்பல்தீவு ஐயா: ஒரு ஏக்கர் முந்திரிகை போட்டு வைன் வடிக்கலாமோ?

வேண்டாம் ஐயா. ஒரு கிலோவில ஏறக்குறைய ஒரு போத்தல்தான் வரும், அதுக்கும் அனுமதிப்பத்திரம் வேணும். மாரி மழையில பூஞ்சணம் வேற. ஆசையெண்டா யாழ்ப்பாணத்தார் மாதிரித் தின்னுற பழத்துக்குப் பந்தல் போடுங்கோ. மாரிக்கு முதல் பழம் ஆயிற மாதிரிக் கவ்வாத்துப் பண்ணுங்கோ.