அம்மாவின் இருமல் சிரப்பும் மற்ற மாத்திரைகளும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சளியும் காய்ச்சலும் போன பிறகும் வறட்டு இருமல் விடவில்லை, இரவில் தூங்க முடியவில்லை. டாக்டர் டெக்ஸ்ட்ரோமெதார்பன் கலந்த சிரப்பை 5 மில்லி வீதம் மூன்று வேளை, ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது இருமல் பாதி குறைந்திருக்கிறது, பாட்டிலில் கால்வாசி மிச்சமிருக்கிறது. அதையும் கொடுத்து முடித்துவிடலாமா? அம்மா ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராமும் சாப்பிடுகிறார். என் 3 வயது மகனுக்கும் இருமல் வந்திருக்கிறது. அதே சிரப்பைக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு அந்த சிரப்பில் ஒரு சொட்டுகூட வேண்டாம். 2021இல் டெல்லியில் 16 குழந்தைகள் டெக்ஸ்ட்ரோமெதார்பன் நச்சுத்தன்மையோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 3 பேர் இறந்தார்கள். அளவு மிஞ்சினால் இந்த மருந்து சின்னக் குழந்தைகளின் மூச்சையே மந்தமாக்கிவிடும். 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பைக் குடித்த குழந்தைகள் இறந்த சமயம் அது. அங்கே காரணம் வேறு, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கலப்படம். ஆனால் அறிவுரை எல்லா இருமல் சிரப்புக்கும் பொருந்தும்.

உங்கள் மகனுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன், மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டியவன் என்பதால் தேன் கொடுக்கலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்கு இடையில் தோல் உள்ளே போனாலோ, குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி அம்மா விஷயம். டெக்ஸ்ட்ரோமெதார்பன் இருமலை ஆற்றும் மருந்து இல்லை. மூளையில் இருமலைக் கிளப்பும் பகுதியின் உணர்வைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். இரவில் தூங்கவிடாத வறட்டு இருமலுக்குச் சில நாள் கொடுப்பது அதனால்தான். சளிக்காய்ச்சலுக்குப் பிறகு வரும் இருமல் மூன்று வாரம்கூட இழுக்கலாம், தானாகவே அடங்கும். எனவே பாட்டிலைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசியம் கிடையாது. ஆன்டிபயாடிக்கை நாள் கணக்குப்படி முடிக்கச் சொல்கிறோமே, அந்த விதி இதற்கு இல்லை. இருமல் குறைந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை தருவது எஸ்சிட்டலோப்ராம்தான். அதுவும் சிரப்பும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுபவை. வழக்கமான அளவில் சில நாள் சேர்ந்து சாப்பிட்ட பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்குக் கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, கால் துடிப்பது அல்லது விறைப்பது, நிலைகொள்ளாமல் தவிப்பது என்று ஆரம்பிக்கும். அம்மாவிடம் இதில் எதையாவது பார்த்தால் சிரப்பை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு. சரி, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு சிரப்பைத் தொடரலாமா என்றால், கூடவே கூடாது. அதைத் திடீரென நிறுத்துவது தனிப் பிரச்சினை. இந்த மாத்திரை சாப்பிடுவது சிரப்பை எழுதியவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மனநல மருத்துவர் ஒருவர், இருமலுக்குப் பார்த்தவர் வேறொருவர் என்றால் பெரும்பாலும் தெரிந்திருக்காது. பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின், ராசாஜிலின், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட் போன்றவற்றோடு இந்த சிரப் சேரவே கூடாது.

எனலாப்ரிலையும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரை அது. ராமிப்ரில், லிசினோப்ரிலும் அதே வகை. இந்த மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், அதுவும் தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட. உங்கள் அம்மாவுக்குச் சளிக்கு முன்பே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் எத்தனை சிரப் குடித்தாலும் பயனில்லை. டாக்டர் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார், சில வாரத்தில் இருமல் அடங்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் பாட்டிலின் பின்பக்கம். ஒரே பிராண்டில் பெயரின் வாலில் வரும் எழுத்து மட்டும் மாறி, உள்ளே முற்றிலும் வேறு மருந்து இருக்கும். டி, டிஎக்ஸ் என்று வந்தால் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெதார்பன், வறட்டு இருமலுக்கு. எல்எஸ் என்றால் மூச்சுக்குழாயை விரிக்கும் லெவோசல்பியூட்டமாலும் சளியை இளக்கும் மருந்தும் சேர்ந்தது, சளி இருமலுக்கு. கடையில் "அதே சிரப் கொடுங்க" என்று கேட்டு மாறிப்போவது சகஜம். சளி கட்டி வரும் இருமலை அடக்கினால் கோழை நெஞ்சிலேயே தங்கிவிடும். எழுத்துகளை நம்பாமல் உள்ளடக்கத்தைப் படியுங்கள். அதில் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் இருந்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், அம்மாவுக்கு அது வேண்டாம் என்பேன். குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பெரும்பாலும் கூடவே இருக்கும். தூக்கம் தருவது அதுதான் என்பதால் இரவில் பாத்ரூமுக்கு எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்லப் போகச் சொல்லுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சளிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் இதே இரண்டும் இருப்பதால், சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

அளப்பதற்குப் பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியையே பயன்படுத்துங்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பாட்டிலில் வாய் வைத்து ஒரு மடக்கு குடிக்கும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது, அந்த ஒரு மடக்கில் 15 மில்லிகூடப் போய்விடும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கலாம்.

இருமல் தொடங்கி இரண்டு வாரம் தாண்டினால் சிரப்பால் மூடி மறைக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை மிச்ச சிரப்பை மகனுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.