டிவி வேண்டாம், அப்பப்பாவின் குரலைப் பிடியுங்கள்

கல்முனையில் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிற கடை என்னுடையது. யாருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பப்பா வடமோடி என்ற பாணிக் கூத்தைப் பழக்கி ஆட்டுகிற ஆசான், அண்ணாவியார். அவருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் காசு சேர்த்துப் பெரிய டிவி வாங்க நினைக்கிறோம். எந்த அளவில் வாங்குவது? (குருக்கள்மடத்திலிருந்து ஒரு பேத்தி)

மகள், டிவி வேண்டாம். அவர் பாடுவதைப் பதிவு செய்து கொடுங்கள்.

கூத்துக் கொப்பியில் விருத்தம், தரு என்ற பாட்டுகளும் வசனமும் இருக்கும். ஒரு தருவை எப்படி எடுப்பது, எந்த இடத்தில் இழுப்பது, பாத்திரம் ஆடிக்கொண்டு உள்ளே வருகிற வரவுக்கு மத்தளம் எப்படிப் பேசவேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இராது. அது அண்ணாவியாரின் தொண்டையிலும் கையிலும்தான் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்பு அண்ணாவியாரைத்தான் வரவழைத்தார். தகப்பனின் பாட்டு இதில் இருக்கிறது என்று சொல்லி, பூஞ்சணம் பிடித்த கசெட்டை என் மேசையில் வைப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். சிலதைக் காப்பாற்ற முடிகிறது. பலதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பெரிய துக்கம். உங்கள் அப்பப்பா உயிரோடு, பாடக்கூடிய நிலையில் இருக்கிறார். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களிடம் இருக்கும் போனே போதும். கோல் வந்தால் பதிவு நின்றுவிடும், ஆகவே ஃபிளைட் மோடில் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வெறும் சீமெந்துச் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும் என்பதால் பாய், மெத்தை, தலையணை எல்லாம் உள்ள அறை நல்லது. போனை மடித்த துவாயின்மேல் வையுங்கள், இல்லையென்றால் மத்தளத்தின் அதிர்வு தரைவழியாக ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அப்பப்பாவுக்குக் கிட்டவும் மத்தளத்துக்குத் தூரவும் போன் இருக்கட்டும். பதிவுச் செயலியில் ‘வேவ்’ (WAV) என்ற சுருக்காத வடிவம் இருந்தால் அதையே எடுங்கள். எம்பி3யை அதிகம் சுருக்கினால் சல்லரித் தாளத்தின் கூர்மைதான் முதலில் போகும். வேவில் ஒரு மணி நேர மோனோப் பதிவுக்கு ஏறத்தாழ 300 எம்பி பிடிக்கும், இந்தக் காலத்துப் போனுக்கு அது பெரிய பாரமில்லை.

முதல் நாள் பாட்டே வேண்டாம். ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, அதாவது தாளக்கட்டுகளை மட்டும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாள், அண்ணாவியாரின் பின்னால் பாடிய பழைய பிற்பாட்டுக்காரர் ஒருவரை அழைத்து வாருங்கள். பிற்பாட்டு இல்லாமல் தனியே பாடும் அண்ணாவியாருக்குக் கூத்தாடும் களரியில் வருகிற வேகம் வராது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, ஊர், கூத்தின் பெயர், பாடுகிறவர் பெயர் எல்லாவற்றையும் உங்கள் குரலில் சொல்லி வையுங்கள். கொப்பியின் பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஐந்து பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். அவர் சம்மதித்தால், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். ஈழத்து எழுத்துகளையும் ஆவணங்களையும் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி சேர்த்து வைக்கிறவர்கள் அவர்கள்.

மிச்சக் காசில், பெரிய பொத்தான் உள்ள சிறிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, அந்தப் பதிவுகளை ஏற்றிக் கையில் கொடுங்கள். கேட்டுவிட்டு “இந்த இடம் பிழை, திரும்ப எடு” என்பார். எடுங்கள்.

நான் கத்தாரில் வேலை செய்கிறேன். வாப்பா பெரும்போகத்தில் யானைக் காவலுக்கு இரவில் வயல் வாடியில் தங்குவார். பாட்டும் செய்தியும் கேட்க நல்ல ஸ்மார்ட் போன் அனுப்பலாமா? (சம்மாந்துறை வாசகி)

பிள்ளை, வாடியில் வாப்பாவின் போனில் சார்ஜ் இருக்கவேண்டியது யானை வந்தால் ஆட்களைக் கூப்பிட. அதைப் பாட்டில் தீர்க்கக்கூடாது. ஏஎம், எஃப்எம் இரண்டும் உள்ள ரேடியோ ஒன்று அனுப்புங்கள். இருட்டில் தடவியே திருப்பக்கூடிய குமிழ் வேண்டும். ஊர்க் கடையில் வாங்கக்கூடிய டோர்ச் பற்றரியில் ஓடவேண்டும். உள்ளேயே பூட்டிய பற்றரி உள்ளது வேண்டாம், அது பழுதாகும் நாளில் ரேடியோ முழுவதும் சும்மா கிடக்கும்.

பகலில் இரைச்சலாக இருக்கிற மத்திய அலை (ஏஎம்) இரவானதும் தெளியும். அந்த அலைகளை விழுங்குகிற வான்மண்டல அடுக்கு ஒன்று சூரியன் போனதும் கலைந்துவிடுவதால், தூரத்து நிலையங்களும் அப்போது எட்டும். ஏஎம் ஏரியல் பெட்டிக்குள்ளே ஒரு கறுப்புக் கோலாக இருக்கிறது. நிலையம் மங்கினால் மேலே உள்ள கம்பியை இழுத்துப் பயனில்லை, பெட்டியையே மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவடை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வைக்கவும் சொல்லுங்கள். பற்றரி கசிந்து கம்பிச்சுருள் பச்சை பிடித்த ரேடியோக்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகின்றன.

தம்பி முதன்முதலாக வெளிநாடு போகிறான். 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் கொடுக்கலாமா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

வேண்டாம். அது ஏறத்தாழ 111 வாட் மணி. 100க்கு மேலே போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 என்றால் 74தான், ஆனால் கனம். 10,000 போதும். கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள்.

எங்களுடைய சங்கீத ரீச்சர் ஓய்வு பெறுகிறார். எல்லோரும் சேலை என்கிறார்கள். வேறு என்ன? (காரைதீவு மாணவிகள்)

சேலையும் நல்லதுதான், மருதமுனைக் கைத்தறியாகப் பாருங்கள். ஆனால் காரைதீவுப் பிள்ளைகள் சங்கீத ரீச்சருக்குக் கொடுக்கிற பரிசில் ‘யாழ் நூல்’ இருக்கவேண்டும் என்பது என் ஆசை. 1892இல் உங்கள் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு பழைய யாழ்களின் வடிவத்தையும் சுருதிக் கணக்கையும் தேடி எழுதிய நூல் அது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். கணக்கு நிறைய வரும், கதைபோல ஓடாது. சுரம் தெரிந்தவருக்குத்தான் அது திறக்கும், உங்கள் ரீச்சருக்குத் திறக்கும். பழைய பிரதி கிடைத்தால் பக்கம் குறையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரண தரம் எழுதி முடித்த மகள் ஹெட்போன் கேட்கிறாள். காது கெட்டுவிடுமா? (தம்பிலுவில் தாய்)

கெடுப்பது சத்தமும் நேரமும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம் என்கிறது, பிள்ளைகளுக்கு 75. காதை முழுதாக மூடுகிற வகை வாங்குங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் அவளே வொலியூமைக் குறைப்பாள். வயர் உள்ளதாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். வயர் அறுவது அநேகமாகப் பிளக்குக்குக் கிட்டத்தான், ஈயம் வைத்து ஒட்டிவிடலாம்.

பத்து வயது மகன் எதைக் கொடுத்தாலும் கழற்றுகிறான். என்ன வாங்குவது? (ஆரையம்பதி வாசகர்)

நல்ல ஸ்குரூடிரைவர் செட் ஒன்றும், கழற்றுவதற்கென்றே ஒரு பழைய ரேடியோவும். கழற்றியதை வரிசையாகப் படம் வரைந்து வைக்க ஒரு கொப்பியும் கொடுங்கள். ரேடியோ பற்றரியில் மட்டும் ஓடுவதாக இருக்கட்டும். பழைய டிவி, போன் சார்ஜர், அம்ப் எதையும் அவன் கையில் விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றின் கப்பாசிட்டரில் கரண்ட் நின்று அடிக்கும்.